தாலி கட்டுற இடத்துல நிக்குதுங்க

லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சுத்துப்பட்டில் நடந்த எல்லாக் கல்யாணமும் மனப்பாடமாகத் தெரியும், ஆனால் ஒன்றில்கூடக் கை நனைத்திருக்க மாட்டோம்.

இலுப்பூர் கடைத்தெருவில், மாடியில் இருக்கிற ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். கடையைக் கூட்டவும், வருகிறவர்களிடம் பெயரும் போன் நம்பரும் கேட்டு எழுதவும்தான் கடைக்கார அண்ணன் என்னைச் சேர்த்தார். அவர் பாதி நாள் கேமரா மாட்டுகிற வேலைக்கு வெளியூர் போய்விடுவார். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். திரையில் எந்தச் சொல் எந்த மூலையில் இருக்கும் என்பது கண்ணுக்குப் பழக்கம், அவ்வளவுதான். வீடியோ ஓட்டுகிற பிளேயரைப் புதுசாக்குகிறேன் என்று யாராவது அந்த இடங்களை மாற்றிவிட்டால் அன்றைக்கு முழுக்க நான் திருவிழாவில் தொலைந்த பிள்ளைதான்.

இதே பாடு படுகிறவர்கள் எங்கெங்கோ இருப்பீர்கள், உங்களுக்கே தெரியும். இப்போதெல்லாம் கடைக்கு வருவதில் பாதி, "வீடியோ விட்டு விட்டு ஓடுது" என்பதுதான். ஸ்டூடியோவில் ஃபோர் கேயில் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அது பாவம், என்ன செய்யும்?

என் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்க வீட்டுக்காரர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். பாப்பா குப்புற விழுவதற்கு முன்னாலேயே போனவர். அவளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. நீ என்ன சொல்ற?" என்று போனில் கேட்டார். வந்துடுங்க என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "ஒங்க இஷ்டம்ங்க" என்றுதான் வெளியே வந்தது. நான் அப்படித்தான். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ, போட்டுவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டேதான் அந்த மாதங்களில் ஊரார் வீடியோக்களை ஓட வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆள் இருக்கிற கடை

ஒருத்தர் படியேறி வந்ததும் வராததுமாக, "கடையில ஆள் இல்லையா?" என்றார். நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தேன். "இருக்கேங்க" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணே, இங்க ஒரு புள்ளை மட்டும்தான் நிக்கிது. நீங்க எப்ப வாரீங்க?" என்று ஜன்னல் பக்கம் போய் நின்று பேச ஆரம்பித்தார்.

நான் திறந்து பார்த்தேன். மச்சினன் கல்யாண வீடியோ. பென்டிரைவிலிருந்தே நேராக ஓட்டிக்கொண்டிருந்தார். சார்ஜரும் போடவில்லை. பேட்டரியில் ஓடும்போது அது சக்தியை மிச்சம் பிடிக்கத்தான் பார்க்கும். சார்ஜரைச் சொருகி, வீடியோவை உள்ளே காப்பி பண்ணி, திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடிவிட்டு ஓட விட்டேன். மேளச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர், மாப்பிள்ளை தடங்காமல் நடந்து வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்: "அண்ணே, நீங்க வர வேணாம். ஒங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கையிலேயே அதுவா சரியாப் போச்சு."

தாலி

அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார். வியர்வையைக்கூடத் துடைக்காமல், யாராவது கேட்டுவிடப் போகிறார்களோ என்பதுபோல மேசைமேல் குனிந்து சொன்னார். "மூணு தடவை போட்டோம்மா. மூணு தடவையும் தாலி கட்டுற இடத்துல நிக்குதுங்க. மத்ததெல்லாம் நல்லா ஓடுது. சம்பந்தியம்மா பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. மொகமே மாறிடுச்சு." பெண்ணை மறுவீடு அனுப்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இது எனக்குப் பழகிய வியாதி. எல்லாக் கல்யாணமும் அந்த இடத்தில்தான் நிற்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைக் காட்டுவது லேப்டாப்புக்கு லேசான வேலை. கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை போடும்போது ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்கிறது. அத்தனையையும் அது வரைந்து காட்ட வேண்டும். முடியாமல் மூச்சு வாங்கி நின்றுவிடும். சத்தம் மட்டும் ஓடும். சின்ன அளவுக்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும், நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அது போதவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போனைப் போட்டு, "இதை அப்படியே அவுககிட்டச் சொல்லும்மா, நான் சொன்னா நம்ப மாட்டாக" என்று என் கையில் கொடுத்துவிட்டார். முன்பின் தெரியாத ஒரு மாமியாரிடம் அரிசி பறப்பதைத் திக்கித் திணறி விளக்கினேன். அப்புறம் அந்தம்மா சொன்னார்: "அப்படிச் சொல்லு. அட்சதை போட்டதுல முக்கால்வாசி எங்க சனம். அதான் மிசினு தாங்கலை."

சந்தனம்

ஆயுத பூசை முடிந்த வாரத்தில் ஒரு அக்கா, கல்லூரியில் படிக்கிற மகளின் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பாடம் நடத்துகிற வீடியோகூட இழுத்து இழுத்து ஓடுகிறதாம். தொட்டால் தோசைக்கல் மாதிரி இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். காற்று போகிற ஒவ்வொரு ஓட்டையிலும் வரிசையாகச் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஒன்றுகூட விடுபடவில்லை. காய்ந்து கல்லாகியிருந்தது. கழற்றினால் உள்ளே காற்றாடியில் ஒரு செவ்வந்தி இதழ். சூடு ஏறினால் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் தடங்கும். ஈரத்துணியும் பிரஷும் வைத்துச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆயிற்று.

"அக்கா, அடுத்த வருசம் மூடிமேல மட்டும் வைங்க" என்றேன். பூசை போட்டது அவருடைய மாமியாராம். சீட்டில் என்ன கோளாறு என்று எழுத நான் பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்: "தாயி, தூசின்னு எழுதிக் குடுத்துரு. நான் அந்த வீட்டுக்குள்ள போகணும்."

அப்பா

என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவளுடைய கல்யாண வீடியோ ஒரு இடத்தில் நிற்கிறது என்று அவள் வீட்டுக்காரர்தான் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஹார்டுவேர் டீகோடிங் என்று ஒன்று உண்டு. பிளேயரில் அதை ஆன் பண்ணி வைத்தால், படம் விரிக்கிற வேலையை அதற்கென்று இருக்கிற சில்லு பார்த்துக்கொள்ளும். ஆன் பண்ணினேன். தண்ணீர் மாதிரி ஓடியது. சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் அந்தப் பெண்ணே வந்தாள். பழையபடி ஆக்கித் தர முடியுமா என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஓட்டிக் காட்டினாள். பந்தி நடக்கிற இடம். ஒரு பெரியவர் பாயசச் சட்டியோடு ஓரமாக வந்து, கேமராவைப் பார்த்து, கூச்சப்பட்டு விலகிப் போகிறார். அவளுடைய அப்பாவாம். கல்யாணம் முடிந்த எட்டாம் மாதம் தவறிவிட்டார். வீடியோ முழுவதிலும் அவர் முகம் தெரிகிற இடம் அது ஒன்றுதானாம். முன்பெல்லாம் படம் அங்கேதான் தடங்கி நிற்கும். இப்போது அவர் விலகிப் போய்விடுகிறார். நான் கீபோர்டில் நீளமாக இருக்கிற இடைவெளிக் கட்டையைக் காட்டி, இதை அழுத்தினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். அழுத்திப் பார்த்தாள். அப்பா நின்றார். அவள் தலையை ஆட்டினாள்: "நானா நிறுத்துறது வேறக்கா. அவங்களா நிக்கிறது வேற."

டீகோடிங்கை ஆஃப் பண்ணிக் கொடுத்தேன்.

எங்க வீட்டுக் காதுகுத்து

பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். எங்க அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான். எல்லாம் நடந்தது, அவங்க அப்பா மட்டும் இல்லை. நான் வாய் திறந்து கேட்காவிட்டாலும் இதைப் பார்த்தால் அவருக்கு மனசு அசையும் என்று ஒரு எண்ணம். போனில் அனுப்பினால் சின்னதாகிவிடும், பாப்பா கண்ணோரத்து மைகூடத் தெரியாது. அதனால் முழு வீடியோவையும் பென்டிரைவில் போட்டு, லீவு முடிந்து குவைத் திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் பையில் முறுக்கோடு வைத்து அனுப்பினேன். அங்கே இவருக்கு லேப்டாப் கிடையாது. அறையில் கூட இருக்கிற பட்டுக்கோட்டை அண்ணனுடையதில் வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, அறை ஆட்கள் எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

கடையில் இருந்தபோது போன் வந்தது. "ஏய், ஒன் வீடியோ விட்டு விட்டு ஓடுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சார்ஜர் போட்டிருக்கீங்களா, பென்டிரைவுலேருந்து ஓட்டாதீங்க, உள்ள காப்பி பண்ணுங்க என்று கடைக்கு வருகிற ஆளிடம் சொல்வதுபோலவே சொன்னேன். ஓடியது. மொட்டை போடுகிற இடத்தில் பாப்பா வீரிட்டு அழுவது குவைத்திலிருந்து என் காதில் கேட்டது. யாரோ "ச்சோ ச்சோ" என்றார்கள். இவர் பார்க்கிறார் என்று தெரிந்தது. நானும் போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றேன்.

பிறகு நாதஸ்வரம் மட்டும் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. "எங்கங்க நிக்கிது?" என்றேன். பட்டுக்கோட்டை அண்ணன்தான் போனை வாங்கினார். "தங்கச்சி, இவன் போட்டோ வருதும்மா. சுத்திப் பூவு. மேலேருந்து தங்கக் கலர்ல நட்சத்திரமாக் கொட்டுது. அதுல நின்னுபோச்சு" என்றார். பின்னால் ஒருத்தர் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டது கேட்டது.

எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் அது ஒரு வழக்கம். அப்பா வெளிநாட்டில் இருந்தால், "அண்ணன் போட்டோ இருந்தாக் குடுங்க, சேத்து விட்டுடுவோம்" என்று கேட்டு வாங்கி, விசேஷத்துக்கு நடுவில் பூ வட்டத்துக்குள் வைத்து மிதக்க விடுவார்கள். நானும் விசாவுக்கு எடுத்த படத்தைக் கொடுத்திருந்தேன். என் போனில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. எட்டுப் பேருக்கு முன்னால், பெரிய திரையில், அசையாமல், சிரிக்காத முகத்தைச் சுற்றிப் பூவோடு நின்றால் அது எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பயத்தில் தொழிலைப் பேச ஆரம்பித்தேன். "நட்சத்திரம் கொட்டுறதாலதாங்க. நிறைய அசைஞ்சா அதுக்குத் தாங்காது. டூல்ஸ்ல போங்க, மூணாவது வரி..." இவர் போனைத் திரும்ப வாங்கி, மெதுவாகக் கேட்டார். "நான் உசிரோடதான இருக்கேன்?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இருக்கீங்க. இங்கிட்டுத்தான் இல்ல" என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. போனை வைத்துவிட்டேன்.

மூன்று நாள் அவர் கூப்பிடவில்லை. நான்காம் நாள் காலையில் பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. நேராகச் சொன்னார்: "கையெழுத்துப் போடலைன்னு ஆபீசுல சொல்லிட்டேன். ரெண்டு மாசத்துல வாரேன். வந்து ஒங்க ரெண்டு பேரு பக்கத்துலயும் நிக்கிறேன், அந்த ஸ்டூடியோக்காரனைத் திரும்ப வரச் சொல்லு."

இரண்டு மாதத்தில் இன்னும் ஐந்து வாரம் மிச்சம் இருக்கிறது, ஊரார் வீட்டு வீடியோவையெல்லாம் தடங்காமல் ஓட வைத்துக் கொடுக்கிற நான் எங்க வீட்டு வீடியோவில் பூ வட்டம் வருகிற அந்த ஒரு இடத்தை மட்டும், ஆள் வந்து இறங்குகிற வரைக்கும் கை வைக்காமல் விட்டிருக்கிறேன்.