கலர் மாஸ்டர் மீசையில் ஏறிய சாயம்

கலர் மாஸ்டரிடம் போய் வானம் நீலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு யாரும் சீக்கிரம் வீடு திரும்பியதில்லை. "எந்த நீலம்?" என்று பிடித்துக்கொள்வார். பிடித்தால் உடும்புப் பிடி. சாய ஆலையில் நைலான் நூலுக்கு நிறம் கலப்பது அவர் வேலை. வாடிக்கையாளர் விரல் நீளத்துக்கு ஒரு துணித்துண்டைக் கொடுத்து, இதே நிறம் வேண்டும் என்பார். மாஸ்டர் அதே நிறத்தைப் பெரிய தொட்டியில் கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு இழை கூடாது, ஒரு இழை குறையாது.

ஆலையில் நிறங்களுக்கு எண்கள்தான். மாஸ்டருக்கு எண்கள் பிடிக்காது, அதனால் தானே பெயர் வைத்துவிடுவார். ஒரு சாம்பல் நிறத்துக்கு 'நனைந்த பூனை'. பளிச்சென்ற பச்சைக்கு 'சம்பளத் தேதி'. வெளிறிய மஞ்சளுக்கு 'ஆஸ்பத்திரி வராந்தா'. ரத்தம் மண்டைக்கு ஏறிய மாதிரி ஒரு சிவப்பு உண்டு, அது 'மேனேஜர் கோபம்'. அதையே தண்ணீர்விட்டு இறக்கினால் 'மேனேஜர் எரிச்சல்'. இந்தக் கடைசி இரண்டும் ஆலையில் எல்லோருக்கும் தெரியும், மேனேஜரைத் தவிர.

இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது சும்மா இல்லை. தக்காளி வாங்க அனுப்பினால், ஒரே நிறத்தில் ஒரு கிலோ தேறும்வரை கடையைக் கிளறி, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வருவார். சுவருக்கு வெள்ளை அடிக்க வந்த பெயின்டரிடம், வெள்ளை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று அரை நாள் வாதாடியதில், அவர் தூரிகையை வாளியில் போட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். அந்தச் சுவர் பாதியிலேயே நின்றுவிட்டது. மாஸ்டர் ஒப்புக்கொண்ட ஒரே வெள்ளை அவருடைய சொந்த மீசைதான். அதற்குப் 'புதுப் பஞ்சு' என்று பெயர். சட்டைப் பையில் அதற்கென்று ஒரு சின்னச் சீப்பும் கைக்கண்ணாடியும் எப்போதும் இருக்கும்.

வீடு ஆலையின் பின்சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது. மாஸ்டரின் மனைவி அங்கே ஒரு வாத்து வளர்த்தாள். ஆண் வாத்து. வேலை வெட்டி கிடையாது, வேளா வேளைக்குச் சாப்பாடு வேண்டும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கும், கொஞ்சம் தாமதமானால் முறைக்கும். மகள் இல்லாத அந்த வீட்டில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

மாப்பிள்ளை வந்தபோது வெள்ளை. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஆலையில் தொட்டி நிரம்பும்போதெல்லாம் பின்சுவர் ஓரமாக இருக்கும் ஒரு குழாயைத் திறந்துவிடுவார்கள். அது கால்வாய்க்குப் போகும். மாப்பிள்ளையும் கால்வாய்க்குப் போகும். வயிற்றில் நனைந்த பூனை, வாலில் சம்பளத் தேதி, கழுத்தில் ஆஸ்பத்திரி வராந்தா. ஆலையில் அந்த மாதம் என்னென்ன சரக்கு ஓடியது என்று தெரிய வேண்டுமானால் மாப்பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். குழாய் விஷயம் மாஸ்டருக்கும் தெரியும். ஓடுகிற தண்ணீர் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று ஒரு சமாதானத்தை அவர் மனசுக்குள் மடித்து வைத்திருந்தார்.

அவர் மனைவிக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. வீட்டுக் கிணறு கால்வாயை ஒட்டி இருந்தது. குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அதில்தான்.

"என்னங்க, இந்தத் தண்ணிய குடிக்கலாமா, வேண்டாமா?" என்று அவ்வப்போது கேட்பாள்.

மாஸ்டர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடிப்பார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். வைரம் பார்க்கிறவர் தோற்றுப்போவார்.

"நிறமே இல்ல. குடி."

"உங்க மீசை கூட இப்பல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

"வயசானா எல்லாமே ஒரு மாதிரிதான் இருக்கும்."

சட்டைப் பையில் கண்ணாடி இருந்தாலும், மீசையை அவர் சீவிக்கொள்வது குளியலறையில், ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே. அந்த வெளிச்சத்தில் எந்த நிறமும் உண்மையைச் சொல்லாது. ஊருக்கெல்லாம் இதைப் பாடம் நடத்துகிறவர், தன் மூக்குக்குக் கீழே இருந்ததை மறந்துபோனார்.

ஒருநாள் மாப்பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்துக்கொண்டு நின்றது. மாஸ்டர் மடியில் வைத்து அலகைத் திறந்தார். உள்ளே ஒரு நூல் முனை தெரிந்தது. இழுத்தார், வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. மனைவி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து நடந்து அடுப்படிவரை போய்விட்டாள். மாப்பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு, இதெல்லாம் வேறு யார் வயிற்றிலிருந்தோ வருவதுபோல் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. கால்வாயில் மிதந்த கழிவு நூலைப் புழு என்று நினைத்து விழுங்கியிருக்கிறது.

மாஸ்டர் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சம்பளத் தேதி. இத்தனை நாள் வயித்துல கிடந்தும் மங்கல பாரு. நம்ம கைவண்ணம்!"

"நீங்களும் ரெண்டு முழம் முழுங்குங்க, இன்னும் நல்லா மின்னும்!" மனைவிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "தம்ளரத் தூக்கிப் பாக்கறதெல்லாம் போதும். இந்தத் தண்ணி நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சவங்கள யாரையாவது கேட்டுச் சொல்லுங்க. இல்லன்னா நான் மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

"அப்ப நானு?"

"நீங்க மாப்பிள்ளை மாதிரியா? நீங்க நிறமில்லாத தண்ணியக் குடிச்சிக்கிட்டு இங்கேயே இருங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. யாரைக் கேட்பது? கேட்டால் குழாய் விஷயம் வெளியே வரும். அது வெளியே வந்தால் ஆலை மூடும். ஆலை மூடினால், நூறு சிவப்புக்கு நடுவில் ஒரு சிவப்பைப் பொறுக்குகிற கண்ணை வைத்துக்கொண்டு அவர் தக்காளி பொறுக்கத்தான் போக வேண்டும். அதற்கும் அவரை ஒரு கடையிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்கப் போகாமலே ஆள் வந்துவிட்டது. கால்வாயைப் பற்றி யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். மாசு பரிசோதனை அதிகாரி வருகிறார் என்று சேதி வந்த உடனே மேனேஜர் மாஸ்டரை அழைத்தார்.

"மாஸ்டர், நம்ம ஆலையிலருந்து ஒரு சொட்டு வெளிய போகல. சரியா?"

"சரி சார்."

"போனதும் இல்ல."

"சரி சார்."

"உங்க வாத்து?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணும் சொல்லாது சார்."

"அது வாயத் திறந்து வேற சொல்லணுமா? நாளைக்கு அது யார் கண்ணுலயும் படக்கூடாது!"

அன்று சாயங்காலம் மாஸ்டர் மாப்பிள்ளைக்கு ஷாம்பு போட்டார். நிறம் போகவில்லை, பளபளப்புத்தான் கூடியது. சலவைச் சோப்பும் போட்டுப் பார்த்தார். நுரைக்குள்ளிருந்து மாப்பிள்ளை முன்னைவிட ஜொலித்துக்கொண்டு வெளியே வந்தது. அதிகாரி வருவது பயமாக இருந்தாலும், தன் சரக்கு இவ்வளவு கெட்டியாக நிற்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. வேறு வழியில்லாமல் காலையில் அதைக் குளியலறையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். தோளில் துணிப்பை, பைக்குள் காலிப் புட்டிகள், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாத நிதானம். ஆலையில் எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பின்சுவர்க் குழாய் இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. சேதி வந்ததிலிருந்து குழாயைத் திறக்காததால் கால்வாய் கூட யோக்கியமாக ஓடியது. மேனேஜர் சிரிப்பும் கும்பிடுமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, போகிற போக்கில் மாஸ்டரின் அறையையும் காட்டினார். அங்கேதான் தப்புச் செய்தார்.

அந்த அறையில் ஒரு விளக்குப் பெட்டி உண்டு. உள்பக்கம் முழுக்கச் சாம்பல் பூசி, நடுப்பகல் வெளிச்சத்தைப் போலவே வெளிச்சம் தரும் விளக்கு போட்டது. நூலின் உண்மையான நிறத்தை அதற்குள் வைத்துத்தான் பார்ப்பார்கள். அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று மாஸ்டர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அதிகாரி கேட்டுவிட்டார்.

"இதுக்குக் கீழ யாரும் பொய் சொல்ல முடியாது மேடம்!" என்று சொல்லிக்கொண்டே, ஒரு நூல்கண்டை எடுப்பதற்காக மாஸ்டர் பெட்டிக்குள் தலையை விட்டார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "மாஸ்டர், உங்க மீசை ரோஸ் கலர்ல இருக்கே?"

வேறு யாராக இருந்தாலும், ஆமாம் மேடம் என்று அசடு வழிந்துவிட்டுத் தப்பித்திருப்பார்கள். மாஸ்டர் காதில் மீசை விழவில்லை, ரோஸ்தான் விழுந்தது.

"ரோஸா?" சட்டைப் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க மேடம். எல்லாத்தையும் ரோஸ்னு சொல்றது பெரிய பாவம். இதுல லேசா ஒரு ஆரஞ்சு ஓடுது, தெரியுதா? இது மேனேஜர் எரிச்சல்."

"என் எரிச்சலா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். இன்னும் கெட்டியா இருந்தா மேனேஜர் கோபம். போன மாசம் பூரா அதத்தானே ஓட்டினோம்."

மேனேஜர் இடையில் பாய்ந்தார். "வேலை செய்யும்போது தெறிச்சிருக்கும் மேடம். சாய ஆலைன்னா தெறிக்கத்தானே செய்யும்."

மாஸ்டர் அதையாவது விட்டிருக்கலாம். விடவில்லை. "தெறிச்சா புள்ளி புள்ளியா இருக்கும் சார். இது வேருலருந்து நுனி வரைக்கும் ஒரே சீரா ஏறியிருக்கு. ரொம்ப நீர்த்த தண்ணியில, நாள் கணக்கா, திரும்பத் திரும்ப முக்கி எடுத்தாத்தான் இப்படி வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவர் காதுக்கே எட்டியது.

"முகம் எங்க கழுவறீங்க?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுல மேடம். கிணத்துத் தண்ணி."

மேனேஜரின் முகம் எரிச்சலைத் தாண்டிக் கோபத்துக்குப் போனது. பக்கத்தில் நூல்கண்டை வைத்துப் பார்த்திருந்தால் இம்மி வித்தியாசம் இருந்திருக்காது.

அதிகாரி நேராக வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே மாஸ்டரும் வந்தார். குளியலறையிலிருந்து வாளி உருளும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?"

"மாப்பிள்ளை," என்றாள் மாஸ்டரின் மனைவி.

அதிகாரி கூச்சப்பட்டு நாலடி பின்னால் போனார். மனைவி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்துவிட்டாள். ஆலையின் அத்தனை மாதச் சரக்கையும் உடம்பில் போட்டுக்கொண்டு, வெயிலில் தகதகவென்று, ஷாம்பு வாசனையோடு மாப்பிள்ளை வெளியே நடந்து வந்தது. யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி கிணற்றுத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்தார். மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தூக்கிக் காட்டினார். "நிறமே இல்லையே மேடம். நீங்களே பாருங்க."

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இருந்தா நீங்களே குடிச்சிருக்க மாட்டீங்க மாஸ்டர். சாயமாவது பரவாயில்ல, மீசையில ஏறிக் காட்டிக் கொடுத்திடுச்சு. அதோட கூட வர்ற உப்பு, உலோகம், நைலான் நூல் தேஞ்சு தேஞ்சு ஆன தூள், இதுக்கெல்லாம் நிறம் கிடையாது. மீன் தின்னும், வாத்து தின்னும், நம்மளும் குடிப்போம். கொஞ்சம் கொஞ்சமா உள்ள சேரும்."

மாஸ்டர் தம்ளரைக் கீழே இறக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொட்டியில் நூலை முக்கி விட்டால், தண்ணீர் தெளியத் தெளிய நூல் நிறம் பிடிக்கும். கடைசியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், சாயமெல்லாம் நூலுக்குள் போயிருக்கும். மீசை வெளியே இருந்ததால் தெரிந்தது. உள்ளே இருப்பதை எந்த விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது? மனைவியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. எத்தனை தம்ளர் தண்ணீரை அவர் பார்த்துக் கொடுத்திருக்கிறார்!

கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழி செய்யும்வரை ஆலை ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. பூந்தொட்டியை எடுத்துவிட்டுக் குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். மேனேஜர் மாஸ்டரோடு பேசுவதில்லை. பெயர் விஷயத்தைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் மீசையை மழித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பாதிச் சுவருக்கு மீதி வெள்ளையைத் தானே அடித்தார். எந்த வெள்ளை என்று கேட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை பழைய இறகுகளை உதிர்த்தது. புது இறகுகள் வெள்ளையாக முளைத்தன. மாஸ்டரின் மூக்குக்குக் கீழேயும் புதுப் பஞ்சு தலைகாட்டியது. மனைவி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. குடிக்கும் தண்ணீர் மட்டும் வெளியிலிருந்து கேனில் வந்தது. புட்டிகளில் போன தண்ணீரின் பரிசோதனை முடிவு இன்னும் வந்தபாடில்லை.

ஒருநாள் கேன் வரவில்லை. மனைவி கிணற்றில் ஒரு வாளி இறைத்து, தம்ளரில் மொண்டு அவரிடம் நீட்டினாள்.

"என்னங்க, பாத்துச் சொல்லுங்க. குடிக்கலாமா?"

மாஸ்டர் ஜன்னலோரம் போனார். தம்ளரைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக, பளிங்காக, ஒரு பொட்டு நிறம் இல்லாமல் இருந்தது.

"தெரியலம்மா," என்றார். நிறத்தைப் பார்த்து அந்த மனிதர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் மாப்பிள்ளை வாளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடிப்போய் அதைத் தூக்கினார்கள்.