ஊசி கோக்கிற கண்

எனக்குக் கண் அழுத்த நோய். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஓரங்களில் இருப்பது தெரியாது. அதிலும் வலப்பக்கம் சுத்தமாகக் கிடையாது. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் அதற்காக ஒரே சட்டம்தான்: கதவு என்றால் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். அரைகுறையாக விட்டவர்கள் என் வாயில் விழுந்து எழுவார்கள். மற்றபடி சமைக்கிறேன், டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன், வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறேன். யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம்.

கவலையெல்லாம் தங்கையைப் பற்றித்தான். இந்த நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம், வலியோ உறுத்தலோ இல்லாமலே பார்வை போய்க்கொண்டிருக்கும், சீக்கிரம் கூட்டிவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வல்லத்திராக்கோட்டையில் இருந்துகொண்டு நடவு, கல்யாணம், காதுகுத்து என்று சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டினாள்.

போன தை மாதம் வீட்டுக்கு வந்தவளிடம் மறுபடி பேச்சை எடுத்தேன். அப்போது அவள் என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொடுக்க உட்கார்ந்திருந்தாள். நூலை ஒரே தடவையில் ஊசியில் கோத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா பாரு. எனக்கு என்னக்கா கோளாறு? சும்மா தொணதொணக்காத."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஊசியைப் பிடுங்கி நூலை உருவினேன். நானும் ஒரே தடவையில் கோத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இப்ப எனக்கும் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லுவியாடி?"

அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் காலையில் என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

அங்கே ஒரு மெஷின் உண்டு. அதில் முகத்தை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது லைட் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தங்கை சலித்துக்கொண்டே வந்தாள்.

"அந்த மிஷினு ரிப்பேருக்கா. இடது கண்ணுக்கு லைட்டு பொட்டுப்பொட்டா வந்துக்கிட்டே இருந்துச்சு. வலது கண்ணுக்கு ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை. நானும் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு தேமேன்னு உக்காந்திருந்தேன்."

முதல் தடவை அந்த மெஷினிலிருந்து எழுந்து வந்தபோது நானும் ரிப்பேர் என்றுதான் சொன்னேன். அதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

டாக்டர் சொன்னார். வலது கண்ணில் போன பார்வை திரும்பாது. மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இடது கண்ணில் இன்னும் ஒன்றுமில்லை. தங்கை சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ரோட்டுக்கு வந்தோம். என்னோடு நடக்கும்போது அவள் எப்போதும் என் வலப்பக்கம்தான் வருவாள், அந்தப் பக்கம் வரும் வண்டியை எனக்காகப் பார்க்க. அன்றைக்கும் பழக்கத்தில் அங்கேயே வந்து நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை.

"கழுத்தை முழுசாத் திருப்பிப் பாரு" என்றேன். "கண்ணை மட்டும் ஓட்டுனா பத்தாது."

இருவரும் வலப்பக்கம் கழுத்தைத் திருப்பி, பஸ் ஒன்று போகும்வரை பார்த்திருந்துவிட்டுக் கடந்தோம்.