வராத பஸ்ஸின் படம்

அவர் பொன்னமராவதி ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்யும் பெண். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் திரையைப் பார்ப்பார். எங்கள் ஊருக்கு நிறுத்திவிட்ட டவுன் பஸ்ஸை மறுபடி விடச்சொல்லிப் பேனர் அடிக்க, எங்கள் எல்லோருடைய போட்டோக்களோடும் போயிருந்தோம்.

“ஒங்க மொகத்தப் பாத்தா பஸ்சு வருமாண்ணே? பயந்து அங்கிட்டே திரும்பிரும்,” என்றார்.

முகங்களுக்குப் பதில் நிஜ அளவில் ஒரு பஸ்ஸைப் போட்டுக்கொடுத்தார். நெற்றியில் எங்கள் ஊர்ப்பெயர், திறந்த கதவு, காலி இருக்கைகள்.

ரோட்டோரம் அதைக் கட்டிய காலையில் பார்க்க வந்திருந்தார். மார்கழிப் பனிக்குள், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஓடிவந்த ஒருத்தி, “நிப்பாட்டுங்க!” என்று பேனருக்குக் கைகாட்டினாள். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

“இம்புட்டு நெசமாப் போட்ருக்கக் கூடாது,” என்று முணுமுணுத்தபடி ஸ்கூட்டியைக் கிளப்பினார். “ஏறுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குத்தானே?”

சில மாதங்களில் ஊருக்கு பஸ் மறுபடி வந்துவிட்டது. ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிக்காத முகம்தான் ஞாபகம் வரும்.