பஸ்லாவின் முதன்மை எண்

வெள்ளவத்தையில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற நஸ்லாவுக்கு ஆறு வருடமாக ஒரே ஆசை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே பிரிகிற, இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய முதன்மை எண்ணைத் தன் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். உலகமெங்கும் ஆட்கள் சேர்ந்து தேடுகிற குழுவொன்றில் அவளும் இருந்தாள். குழு எண்களை அனுப்பும். அவை முதன்மை எண்களா என்று மெஷின் சோதிக்கும். ஆயிரக்கணக்கில் சோதித்தும் ஒன்றும் தேறவில்லை.

அவளுடைய தம்பி ஷிராஸின் மனைவி பஸ்லா கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ஒன்லைனில் உடுப்பு விற்கிறவள். அவளுடைய புதுக் கம்ப்யூட்டர் பாதி நாள் சும்மா கிடக்கிறதே என்று நஸ்லாதான் அந்தப் புரோகிராமை அதிலும் போட்டுவிட்டாள். மூன்று கிழமை கழித்து பஸ்லா போன் எடுத்தாள்.

“மதினி, இங்கிலீஷில ஒரு மெயில் வந்திருக்கு. கள்ள மெயிலா? ஒங்களுக்கு அனுப்புறன், பாருங்க.”

குழுவின் மெயில்தான். பஸ்லாவின் மெஷின் கண்டுபிடித்தது நாலு லட்சம் இலக்கங்கள் கொண்ட எண். முதன்மை எண்தான். யாருடைய பெயரில் வெளியிடுவது என்று கேட்டிருந்தார்கள். நஸ்லாவுக்கு வயிறு எரிந்தது.

“சும்மா விளம்பரம். விட்டுருங்க” என்றாள்.

அடுத்த நாள் வகுப்பை நிறுத்திவிட்டு, பிழையாக இருக்காதா என்று அந்த எண்ணைத் தன் மெஷினில் போட்டாள். பின்னேரம் விடை வந்தது: முதன்மை எண். பிறகு அதில் குறை தேடினாள். இரண்டைக் கூட்டினால் மூன்றால் பிரிந்தது, இரண்டைக் கழித்தால் ஏழால் பிரிந்தது. இரண்டு தள்ளி எந்தப் பக்கமும் இன்னொரு முதன்மை எண் இல்லை, ‘சோடியில்லாத எண்’ என்று கொஞ்சம் ஆறுதல்பட்டாள். ஆனால் நாலால் வகுத்தபோது மீதி ஒன்று வந்தது. பதின்மூன்றை நாலும் ஒன்பதும் என்று எழுதுகிற மாதிரி, இதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதுவும் ஒரேயொரு விதமாக மட்டும். இந்த அழகெல்லாம் தெரிந்தது தனக்கு. எண் கிடைத்ததோ ஒன்றும் தெரியாதவளுக்கு. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பத்தாம் நாள் குழுவிடமிருந்து வந்த இரண்டாவது மெயிலையும் பஸ்லா அனுப்பினாள். பதில் வராவிட்டால் பெயரில்லாமலே வெளியிடுவார்களாம். நஸ்லா பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பஸ்லா பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அது விளம்பரமில்ல, பஸ்லா. ஒங்கட மெஷின் பெரிய விஷயமொன்டு செஞ்சிருக்கு. பொறாமையில பொய் சொல்லிட்டன்.”

நஸ்லா விளக்கமாகச் சொன்னதை பஸ்லா கேட்டு முடித்துவிட்டு, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இதுக்கா முகம் இப்படி வாடியிருக்கு? எனக்கு அது என்னத்துக்கு மதினி? ஒங்கட பேரப் போடுங்க.”

அளவில்லாத சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி அவள் அதைச் சொன்னது, மெயிலைவிட அதிகமாகச் சுட்டது. நஸ்லா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பஸ்லாவின் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்து அனுப்பினாள். போகும்போது, “மெஷின் சூடாகுது” என்று சொல்லி அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் ஷிராஸ் குடும்ப வாட்ஸ்அப்பில் விஷயத்தைப் போட்டான். நாற்பது பேர் பஸ்லாவை வாழ்த்தினார்கள். நஸ்லா மறுநாள் மத்தியானம்தான் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டாள்.