டோல்கேட்டின் அக்கா

கேரிக் வீட்டை விட்டுப் போனது ஜூலை ஐந்து, சனிக்கிழமை. முந்தின நாள் சுதந்திர தினத்துக்கு வெடித்த பட்டாசுக் குப்பையைத் தெருவில் யாரும் இன்னும் கூட்டியிருக்கவில்லை. யோலாண்டா அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். தம்பி தோளில் பையோடு, ஷூ இரண்டையும் நாடா முடிந்து கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து நின்றான்.

"என்னடா இப்பவே கிளம்பிட்ட? மேட்ச் நாலு மணிக்குத்தானே?"

"இன்னிக்கு நான் இங்க ஆடலைக்கா. அந்தப் பக்கம் ஆடறேன்."

அந்தப் பக்கம் என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம், எதிரி ஊரான ஹார்லெம். பிராங்க்ஸில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"அங்க மேட்ச் பாக்க வெளிநாட்டு கிளப்காரங்க வர்றாங்கக்கா. பாட்டு கம்பெனிக்காரர் ஒருத்தர் டீம் வெச்சிருக்கார். தங்க ரூம்கூட தர்றார். இங்க யாரு வர்றா? ஐஸ் வண்டிக்காரரும் போலீஸும்."

ஒரு மேட்ச் முழுக்க மைக்கைக் கீழே வைக்காமல் பேசுகிறவள் அவள். அன்றைக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "வெயில் ஏறுது. நடந்து போகாத, பஸ்ல போ."

அவன் நடந்துதான் போனான். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து, மூலைக்கடையில் திரும்பும்வரை அவன் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன் கருகிப் போனது.

யோலாண்டா பெட்வே மற்ற நாட்களில் மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை முன்னாலிருந்தே குரலால் பிரித்து உட்கார வைப்பாள். பழைய அறிவிப்பாளருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனபோது, பார்க்கில் கூடைப்பந்துப் பந்தயங்களை நடத்தும் பரெல் அண்ணன் அந்தக் குரலை நினைத்துத்தான் அவளிடம் மைக்கைக் கொடுத்தார். "பொம்பளையா?" என்று கேட்டவர்கள் ஒரே சனிக்கிழமையில் அடங்கிப் போனார்கள். பந்து கை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி, வரிக்கு ஒரு எதுகை, அதற்குத் தோதாக ஸ்பீக்கரில் ஃப்ரேடோவின் தாளம். ஃப்ரேடோ வீட்டில் ஸ்பானிஷ் பேசும் புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்துப் பையன், அவளோடு பள்ளியில் படித்தவன், டி.ஜே. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்து அந்தப் பார்க்கையே அதிர வைப்பான்.

அங்கே ஆடுகிறவனுக்கு அம்மா வைத்த பெயர் செல்லாது. தானே வைத்துக்கொண்ட பெயரும் செல்லாது. மைக் பிடிக்கிறவர் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே வாயில் வந்ததைச் சொல்வார். கூட்டம் அதைத் திரும்பச் சொன்னால் அதுதான் அவன் பெயர். இல்லையென்றால் இன்னொரு கோடை முழுக்கச் சட்டை எண்ணோடே திரிய வேண்டியதுதான்.

கேரிக்குக்குப் பதினாறு வயதில் பெயர் கிடைத்தது. வளர்ந்த ஆட்கள் மூன்று பேர் அடுத்தடுத்து அவனைத் தாண்டப் பார்த்து, பந்தைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். "ஆத்துப் பாலத்துலகூட சும்மா போய்டலாம்டா, இவன்கிட்ட கட்டாம ஒருத்தனும் போக முடியலையே! டோல்கேட்டு! டோல்கேட்டு!" என்று யோலாண்டா கத்தினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நனைந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒரு வாரம் அதையே பாடித் திரிந்தன.

ஒரு பார்க் கொடுத்த பெயரை வேறு பார்க் தொட்டு மாற்றாது. ஹார்லெமும் அதை மதிக்கும். ஆனால் போனவன் எதிரணிச் சட்டையில் முதல்முறை திரும்பி வரும் நாளில், சொந்தப் பார்க் மைக் அவனை வெறும் எண்ணால் கூப்பிட்டுவிட்டால் அந்தப் பெயர் அன்றோடு தீர்ந்தது. பிறகு அவன் யாருக்கோ பிறந்த பிள்ளை. யாரும் அவனுக்குப் புதுப் பெயர் வைக்கலாம். இரண்டு வருஷம் முன்பு குயின்ஸ் பக்கத்து அணிக்குப் போன ஒருவனை யோலாண்டாவே "நம்பர் ஏழு" என்று கூப்பிட்டிருக்கிறாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பையன் அதற்குப் பிறகு பார்க் பக்கம் தலைகாட்டவில்லை. அப்போது அது அவளுக்கு ஒரு நல்ல சனிக்கிழமையாக மட்டுமே தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசி ஆட்டத்துக்கு ஹார்லெம் அணி வருகிறது என்று தெரிந்ததும் பரெல் அண்ணன் பஸ் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"யோலாண்டா, சுத்தி வளைக்காம சொல்றேன். உன் தம்பி பதினொண்ணு போட்டு ஆடறான். நீ பதினொண்ணுன்னே கூப்பிடணும்."

"தெரியும்ண்ணே."

"போன வருஷம் வேலி ஓரத்துல பாட்டில் பறந்தது ஞாபகம் இருக்கில்ல? வீட்டுப் பாசத்தை மைக்ல கொட்டினா ஜனம் சும்மா இருக்காது. அப்புறம் மைக்கை நான் வேற ஆள்கிட்டத்தான் குடுக்கணும்."

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஐஸ் கட்டியாகக் கடித்துத் தின்றாள். ஜார்ஜியாவிலிருந்து அம்மா ஞாயிறுதோறும் போன் பண்ணி, "தம்பி சாப்பிட்டானாடி?" என்பாள். "சாப்பிட்டான்மா, குளிக்கறான்" என்று சொல்லிச் சொல்லி, கேரிக் அந்தக் கோடை முழுக்கக் குளித்துக்கொண்டே இருந்தான். அவனிடமிருந்து போன் இல்லை. இவளும் போடவில்லை. போட்டால் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். பதில்தான் தெரியாது.

ஆட்டத்தன்று வேலிக்கம்பியில் ஆட்கள் தொற்றிக்கொண்டு நின்றார்கள். எதிர் வீட்டு மொட்டைமாடிகளிலும் தலைகள். மூலையில் போலீஸ் கார், கண்ணாடி ஏற்றியபடி. ஹார்லெம் அணி வேனிலிருந்து இறங்கியபோது ஃப்ரேடோ ஸ்பீக்கரை அணைத்தான்; வந்தவர்களுக்குப் பாட்டு கிடையாது, அது அங்கே வழக்கம். ஷூ உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கேரிக் முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அக்கா உட்கார்ந்திருந்த மேஜைப் பக்கம் திரும்பவில்லை.

"டேய், அந்தப் பக்கம் சோறு நல்லா போடறாங்களா?" வேலியிலிருந்து ஒரு குரல்.

"நம்ம வீட்டு மீனை மறந்துட்டியாடா, துரோகி!"

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து சுற்றி வந்து கேரிக் கையில் விழுந்தது. பார்க்கே மேஜையைத் திரும்பிப் பார்த்தது. யோலாண்டா மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள். 'ப' என்று தொடங்க உதடு சேர்ந்தது. காற்றுதான் வந்தது.

ஃப்ரேடோ குனிந்து ஒயரை ஆட்டிப் பார்த்தான். "யோலி, மைக் போச்சா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ?"

"தொண்டைடா."

அடுத்த ஆளுக்குப் பந்து போனதும் குரல் திரும்பியது. மறுபடி தம்பி கைக்கு வந்ததும் போனது. முதல் பாதி முழுக்க இப்படியே. பத்துப் பேர் ஆடினார்கள்; ஒன்பது பேருக்குத்தான் குரல் இருந்தது. பரெல் அண்ணன் பந்தல் கம்பத்தருகே நின்று விரல்களால் பதினொன்று, பதினொன்று என்று காட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு வியர்வை முழங்கையிலிருந்து சொட்டியது.

இடைவேளையில் இரண்டு ஊரும் பாட்டால் மோதிக்கொள்ளும்; ராப் பாட்டு பிறந்ததே தங்கள் தெருவில்தான் என்பது பிராங்க்ஸின் பெருமை. அம்மாக்களையும் செத்தவர்களையும் தவிர எதைவேண்டுமானாலும் இழுக்கலாம். ஹார்லெமின் ராப் பாடகன் தங்கச் சங்கிலி மின்ன நடுமைதானத்துக்கு வந்தான்.

"பாட்டு பொறந்த ஊருன்னு பீத்திக்கிட்டு நிக்கிறீங்க,
பந்து ஆடும் பையனை பாலம் தாண்டி விக்கிறீங்க!
பேரு சொல்லிக் கூப்பிட இங்க ஒரு நாதி இல்ல,
நாங்க வெக்கிறோம் பேரு, அதுல உங்க பாதி இல்ல!"

ஹார்லெம்காரர்கள் குதித்தார்கள். "மேட்ச் முடியட்டும், எங்க மைக்ல பேர் வெக்கிறோம்!" என்று ஒருவன் கூவினான். கேரிக் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தான். வழக்கமாக இந்த இடத்தில் யோலாண்டா எழுந்து பதிலுக்குக் கிழித்திருப்பாள். இன்று நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள். இன்னும் ஒரு பாதிதான் இருக்கிறது. அதற்குள் சொல்லாவிட்டால் சொல்லாததே பதில் ஆகிவிடும்.

இரண்டாம் பாதியில் பிராங்க்ஸின் நம்பிக்கை எல்லாம் கிளீவன் மேல் இருந்தது. பார்க் பெயர் ஈரச்சோப்பு. எவன் கைக்கும் சிக்காமல் நழுவுகிறவன். கேரிக் அவனைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரே தெருவில், ஒரே உடைந்த கூடையில் ஆடிப் பழகியவர்கள். ஈரச்சோப்பு இடப்பக்கம் வழுக்கினான், பந்து போனது. வலப்பக்கம் சுழன்றான், பந்து போனது. மூன்றாவது முறை நடுவில் பாய்ந்தான். பந்தும் போய், அவனும் சிமென்ட் தரையில் உட்கார்ந்தான்.

வேலி ஓரத்தில் யாரோ பாட்டிலைக் கையில் எடுத்ததை யோலாண்டா பார்த்தாள்.

கிளீவன் எழுந்தான். கேரிக் மேல் பாயப்போகிறான் என்று நினைத்து நடுவர் குறுக்கே ஓடினார். அவன் நேராக அறிவிப்பு மேஜைக்கு வந்து, இரண்டு கையாலும் அதைத் தட்டினான்.

"யோலாண்டாக்கா! வாய்ல என்ன வெச்சிருக்க?"

"கிளீவா, போய் ஆடு."

"எப்படி ஆடறது? மூணு தடவை பந்தைப் புடுங்கிட்டான். யாரு புடுங்கினது? பேர் இல்லாதவனா? நாளைக்கு நான் முடிவெட்டப் போனா, 'ஹார்லெம் பதினொண்ணு உன்னை உக்கார வெச்சானாமே'ன்னு கேப்பானுங்க. நான் என்ன சொல்றது? எவனோ ஒரு நம்பர்கிட்ட நான் விழறதா?" மூச்சு வாங்கியது. "என்னை நிறுத்தினது டோல்கேட்டு. நம்ம டோல்கேட்டு! அவன்கிட்ட விழுந்தா எனக்கு அசிங்கம் இல்ல. சொல்லுக்கா!"

மைக் திறந்தே இருந்தது. அவன் சொன்னது அத்தனையும் ஸ்பீக்கரில் போயிருந்தது.

முதலில் ஐஸ் வண்டிக்காரர்தான் சிரித்தார். பிறகு வேலி சிரித்தது, மொட்டைமாடி சிரித்தது. பாட்டில் வைத்திருந்தவன் அதைத் திறந்து குடித்தான். யோலாண்டாவின் தொண்டையில் அடைத்திருந்தது அப்படியே கழன்றது.

"கேட்டுக்கோ ஹார்லெமு! பாலம் தாண்டி நீங்க ஒரு பூட்டை வாங்கிட்டுப் போனீங்க, அது எங்க வீட்டுப் பூட்டு! எங்க ஆளை நிறுத்தணும்னாகூட உங்களுக்கு எங்க ஆளுதான் வேணும்! டோல்கேட்டு! டோல்கேட்டு!"

பார்க் முழுக்க அதைத் திரும்பச் சொன்னது. ஃப்ரேடோ கேட்காமலே தாளத்தைப் போட்டான். எதிரணிக்காரன் ஒருவனுக்கு அந்த மைதானத்தில் பாட்டு ஒலித்தது அதுதான் முதல் தடவை. பரெல் அண்ணன் கம்பத்தில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார், வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. சங்கிலி போட்ட ராப் பாடகன் தொப்பியைக் கழற்றி, மேஜையைப் பார்த்து ஒருமுறை ஆட்டினான்.

ஹார்லெம்தான் ஜெயித்தது. பிராங்க்ஸ்காரர்கள் தாங்கள் ஜெயித்ததுபோலக் கலைந்து போனார்கள்.

ஆனால் கேரிக் மேஜைக்கு வரவில்லை. வேனில் ஏறும்போது ஒருமுறை திரும்பினான். வெயில் முகத்தில் அடித்ததால் என்ன முகம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே புதுப் பயம் பிடித்துக்கொண்டது. பெயரைக் கொடுத்தேனா, அவன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேனா? இனி ஹார்லெம் அவனுக்குத் தன் பெயர் வைக்காது. அங்கே அவன் என்றைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைதான். மறு கோடையில் அந்த அணியில் அவன் இல்லை. தள்ளிவிட்டார்கள் என்றார்கள். வெளிநாட்டு கிளப் ஒன்று கூட்டிப் போனது என்றார்கள். அம்மாவிடம் மட்டும் எப்போதாவது போனில் பேசுவான், "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுவான். யோலாண்டா பஸ் ஓட்டினாள், மைக் பிடித்தாள். போன் மணி அடித்தால் மட்டும் கை ஒரு நொடி நின்று பிறகுதான் எடுக்கும்.

ஏழாவது வருஷம் மார்ச் மாதம், பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, நீளமான ஏதோ எண்ணிலிருந்து வந்த குரல் செய்தி கைபேசியில் கிடந்தது. ஒரே இரைச்சல். மேளச் சத்தம், உள்ளரங்கக் கூட்டம், மைக்கில் ஒருவன் ஸ்பானிஷில் தொண்டை கிழியக் கத்துகிறான். முழுதும் கேட்காமல் ஃப்ரேடோ இப்போது நடத்தும் ஸ்பீக்கர் கடைக்கு ஓடினாள்.

"தென்னமெரிக்காக்காரன் பேச்சு மாதிரி இருக்கு" என்று ஃப்ரேடோ காதில் வைத்துக் கேட்டான். அவன் முகம் மெல்ல மாறியது. "எல் பெஆஹேன்னு கத்தறான் யோலி. ஜனமும் அதையே கத்துது."

"அப்படின்னா?"

"டோல்கேட்டு."

அவள் போனைப் பிடுங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரைச்சல் ஓய்ந்த இடத்தில், ஓடிவந்தவன்போல மூச்சு வாங்கிக்கொண்டு, கேரிக்கின் குரல்:

"அக்கா, இங்க வந்த முதல் நாளே பேர் என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். கேட்டுச்சா உனக்கு?"