கால் பங்கு தீர்த்தம்

எங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தீர்த்தம் என்று பெயர். குடிப்பதும் தீர்த்தம், பெருமாளுக்கு வைப்பதும் தீர்த்தம். எதைச் சொல்கிறோம் என்பது சொல்லும்போதே புரிந்துவிடும், குழப்பம் வந்ததில்லை. சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போன பிறகு மற்றவர்களைப் போல நானும் தண்ணி என்று சொல்லப் பழகிவிட்டேன். திருப்பதிக்கு ஃபோன் போடும்போது மட்டும் நாக்கு தானாகத் தீர்த்தத்துக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு ஒருநாள் அது திரும்பாமல் இருந்திருக்கலாம்.

அப்பா கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஒரே குரலாகச் சொல்வார்கள். அதில் முதல் அடியை எடுத்துக்கொடுப்பது அப்பா. போன வருஷம் அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தது. தொண்டைக்குள் ஒரு சின்னக் கட்டி. பயப்படும்படியானது இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: நான் சொல்கிறவரை ஒரு வார்த்தை கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, அவசரப்பட்டால் கரகரப்பு நிலைத்துவிடும். பொறுத்திருந்தால் மார்கழிக்குக் கோஷ்டியில் நிற்கலாம்.

அப்பாவுக்கு அந்த மார்கழி ஒன்றுதான் கணக்கு. அம்மா ஒரு ஸ்லேட்டு வாங்கிக் கொடுத்தாள். விடியற்காலையிலிருந்து வாய் ஓயாத மனிதர் ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்த எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தச் சுவரோரம் ஒரு மீன் தொட்டி வைத்தால் என்ன என்று தோன்றியது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அவ்வளவுதான், அடுத்த பஸ் சித்தூர் போய்ச் சேருவதற்குள் மீன் வளர்ப்பைப் பற்றிப் பாதி உலகத்தை ஃபோனில் படித்து முடித்திருந்தேன்.

எந்த மீனோடு எந்த மீன் சேரும், எந்தத் தண்ணீர் எதற்கு ஆகும், எந்தச் செடியை எது கடிக்கும் என்று பெரிய ஆராய்ச்சி. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும். நியான் டெட்ராவுக்கு அது ஆகாது. மோலிக்கும் பிளாட்டிக்கும் அதுதான் பிடிக்கும். சரி, மோலி என்று முடிவு கட்டியபோது அம்மா நான் வாங்கி வந்த தீனி டப்பாவை மோந்து பார்த்தாள்.

"என்னடி இது, மீனுக்கு மீனையே பொடி பண்ணிப் போடறதா? இந்த ஆத்துல அது நடக்காது."

பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற வீட்டுக்குள் கருவாட்டுப் பொடி வரக்கூடாது என்றால் வரக்கூடாதுதான். ஆக, இனி சைவ மீன் தேட வேண்டும். சித்தூரில் என்னோடு அறையில் இருக்கிறவள் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் தேடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, உங்க வூட்ல மீனு கூட கீரைதான் துன்னணுமா? பாவம்டி அது, யாரு பெத்த புள்ளையோ" என்றாள். சிரித்தேன். ஆனால் அதிர்ஷ்டம் எங்கள் பக்கம் இருந்தது. மோலி பாசி மேய்கிற ஜாதி. வெந்த கீரையும் வெள்ளரிக்காயும் கொடுத்தால் குஷியாகச் சாப்பிடும். கொசுப்புழு கிடைத்தால் அதையும் விடாது என்பதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

திருப்பதிக் கடைக்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். ஏஞ்சல் மீன் இருந்த தொட்டி முன்னால் நின்றுவிட்டார். தட்டையான உடம்பில் மேலும் கீழுமாகக் கோடுகள். அப்பாவுக்கு அது திருமண் சாத்திக்கொண்ட மாதிரித் தெரிந்திருக்கிறது. அது சின்ன மீன்களைத் தின்றுவிடும், நம் தண்ணீரும் அதற்குச் சேராது என்று நான் சொல்ல, கடைக்காரர் தெலுங்கில் ஏமீ காது, ஒன்றும் ஆகாது, என்று வியாபாரத்தைக் கவனித்தார். அப்பா ஸ்லேட்டை எடுத்து, "நாமம் போட்டுண்டு இந்தக் காரியமா?" என்று எழுதி ஏஞ்சலுக்கு எதிரே பிடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது.

சைவ மீனில் ஒரு சிக்கல் உண்டு. அது செடியையும் விடாது. முதலில் வாங்கிப்போட்ட கபோம்பா, பச்சைப் பஞ்சு மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வெறும் குச்சியாகிவிட்டது. பிறகு தடித்த இலை உள்ள அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கொண்டுவந்தேன். கடித்தாலும் பல் ஏறாத ரகம். அவற்றை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். ஒரு மரத்துண்டில் நூலால் கட்டி உள்ளே இறக்க வேண்டும். அப்பா வெள்ளை நூலை எடுத்து முறுக்கித் தானே கட்டினார். கட்டி முடித்துவிட்டு ஸ்லேட்டில், "செடிக்குப் பூணல் போட்டாச்சு."

அதற்குப் பிறகு அப்பா சுவரைப் பார்க்கவில்லை. கறுப்பு மோலிகளும் வெள்ளை மோலிகளும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஸ்லேட்டை என் பக்கம் திருப்பினார்: "வாய் அசையறது, சத்தம் இல்லை. நம்ம கோஷ்டிதான்." நிஜமாகவே அவை இரண்டு வரிசையாக நின்றன. முன்னால் ஒரு பெரிய கறுப்பு. அதைத்தான் அவர் தன்னுடைய இடத்தில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

வாராவாரம் நான் வந்து தொட்டியில் கால்வாசியை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவேன். அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் 'தொட்டி அலம்பறது' என்று பெயர். அதுவும் முக்கியம்.

பரீட்சை வேலை வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போக முடியவில்லை. அடுத்த நாள் காலையில் அம்மா கூப்பிட்டாள். பெரிய கறுப்பு மீன் நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கிறதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பா நாள் முழுக்கக் கீரை போடுகிறார், தண்ணீர் கெட்டிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. ஓடிக்கொண்டே சொன்னேன், "ஒண்ணுமில்லைம்மா, கால் பங்கு தீர்த்தம் எடுத்துட்டுப் புதுத் தீர்த்தம் விடச் சொல்லு. இன்னிக்கே." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா காதில் விழுந்தது பாதி. அதை அவள் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள், கால் பங்கு தீர்த்தம் விடணுமாம், இன்னிக்கே விடணுமாம் என்று.

தொட்டி அலம்பச் சொல்லியிருந்தால் அப்பா வாளியை எடுத்திருப்பார். நான் தண்ணி என்று சொல்லியிருந்தால் அம்மாவே போர் குழாயைத் திறந்திருப்பாள். உடம்பு சரியில்லாத ஜீவனுக்குத் தீர்த்தம் என்றால் அப்பாவுக்கு ஒரே அர்த்தம்தான், பெருமாள் தீர்த்தம். அதைவிட, கோஷ்டியில் சேவித்து முடிந்ததும் வரிசைப்படி எல்லோர் கையிலும் தீர்த்தம் சாதிப்பார்கள். அத்தனை நாளாகச் சேவித்துக்கொண்டிருந்த அந்த மீன்களுக்கு இதுவரை தீர்த்தம் கொடுக்கவில்லையே என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் குளித்துவிட்டு வந்தார். அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த பச்சைக் கற்பூரத்தை எடுத்தார். ஏலக்காயும் கிராம்பும் சேர்த்து நுணுக்கினார். கால் பங்கு என்று நான் கணக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா, உத்தரணிக் கரண்டி அளவு போதாது. ஒரு வாளி நிறையக் கரைத்து, குறைவில்லாமல், தொட்டியில் விட்டார்.

சாயங்காலம் அம்மா நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. சொல்லும்மா என்றேன். மூச்சு மட்டும் எதிலோ உரசுகிற மாதிரிக் கேட்டது. பிறகு ஒரு குரல். எனக்கு அது யார் என்று தெரியவில்லை.

"எல்லாம் சாஞ்சு கிடக்கறதுகள்மா."

பேசாதேங்கோப்பா என்றேன். ஸ்லேட்டில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள், அம்மா படிக்கட்டும் என்றேன். அவர் நிறுத்தவில்லை. அரைத்த மாதிரி, காற்றும் சொல்லுமாக, என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "நீயே தீர்த்தம்னு சொன்னியா, எனக்கு சந்தோஷமா இருந்ததும்மா" என்றார். குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது என்பதைத்தான் சொன்னார்.

கிடைத்த பஸ்ஸில் போனேன். வாசலிலேயே பச்சைக் கற்பூர வாசனை. சன்னதியில் நிற்கிற மாதிரி இருந்தது. அம்மா மீன்களை எடுத்துப் பவழமல்லிச் செடிக்கு அடியில் புதைத்திருந்தாள். அப்பா நாற்காலியைத் திரும்பச் சுவர்ப் பக்கம் போட்டிருந்தார். கற்பூரமும் கிராம்பும் மீனை என்ன செய்யும் என்று அவருக்கு விளக்க எனக்கு எல்லாம் தெரியும், அத்தனை படித்திருக்கிறேன். உப்பு, சுண்ணாம்பு, தீனி, செடி, எது எதோடு சேரும் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஒரு சொல் இந்த வீட்டில் எதோடு சேரும் என்று பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டர், அந்த நாலு வார்த்தையால்தான் அப்பாவின் குரல் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது என்றார். ஆறாமலே இருந்திருக்கலாம், பேசாமலிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம் என்றார். நானும் என் அறைத் தோழியும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். கரகரப்பு நின்றுவிட்டது. போகவில்லை என்ற அர்த்தத்தில் நின்றுவிட்டது.

மார்கழியில் லீவு போட்டுவிட்டு வந்து கோயிலுக்குப் போனேன். பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா முன்னால் இல்லை. பின்வரிசையில், தூணை ஒட்டி நின்றார். முதல் அடியை வேறு ஒருவர் எடுத்துக்கொடுத்தார். எல்லோரோடும் அப்பாவின் வாயும் திறந்து மூடியது, ஒரு சொல் பிசகாமல். சத்தம் வரவில்லை என்பது பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

தொட்டி கூடத்திலேயே இருக்கிறது. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கட்டிய நூல் இற்றுப்போய், அனுபியாஸ் தானாகவே மரத்துண்டைப் பிடித்துக்கொண்டது. ஒரு புது இலைகூட விட்டிருந்தது. தொட்டியைப் பலமுறை கழுவிக் கொட்டியாகிவிட்டது, இனிமேல் மீன் விடலாம், பிளாட்டி நாலு வாங்கி வரட்டுமா, கறுப்பு மோலி வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு இன்னும் அந்த அவசரம் போகவில்லை. அப்பா இப்போது பேசலாம். கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காத மாதிரிப் பேசுவார்.

"மீன் வேண்டாம்மா. செடி இருக்கட்டும்." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "வரும்போது அந்தத் தொட்டித் தண்ணியை மட்டும் மாத்திட்டுப் போ."

தண்ணி. நான் பிறந்ததிலிருந்து அந்த வாயில் கேட்டிராத சொல். எனக்குப் புரியட்டும் என்று, தவறிவிடக் கூடாது என்று, அதை அவ்வளவு நிதானமாகச் சொன்னார். அந்தத் தொட்டியில் இருப்பதற்கு மட்டும் இப்போது எங்கள் வீட்டில் அதுதான் பெயர். சரிப்பா என்று வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.