மேனேஜர் அறை வாசலில் சிவப்பு ஹீல்ஸ்

அவளுக்கு 'டக்டக்' என்று பெயர் வைத்தவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. மூக்குக்கண்ணாடி வில்லை தயாரிக்கும் எங்கள் கம்பெனிக்கு அவள் வேலைக்கு வந்த முதல் நாள், ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. நாலு விரல் உயரத்துக்கு ஊசியாய்க் குதிகால் வைத்த சிவப்பு ஹீல்ஸ், கணுக்காலைச் சுற்றி மெல்லிசாக ஒரு வார். பவர் சரிபார்க்கும் மேசையில் இருந்த நாங்கள் ஆறு பெண்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம்.

"இது வேலைக்கு வந்திருக்கா, இல்ல வேற எதுக்காவதா?" என்றாள் பக்கத்து மேசை பேக்கிங் அக்கா.

சிரித்தோம். அன்றைக்கே அவள் வாழ்க்கை வரலாற்றை நாங்கள் எழுதி முடித்துவிட்டோம். இப்படிச் செருப்புப் போடுகிறவளுக்குப் புருஷன் இருக்கமாட்டான், இருந்தாலும் விட்டுவிட்டுப் போயிருப்பான், சாயங்காலம் யாராவது காரோடு வந்து நிற்பான். சாயங்காலம் வந்து நின்றவன் அவள் புருஷன். பஸ் டிரைவர், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். "பாவம், வீட்ல நடக்கிறது ஒண்ணும் தெரியாது போல" என்று கதையைத் திருத்திக்கொண்டோம்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் நானே கேட்டேன். "கால் வலிக்காதா? எதுக்கு இதைப் போட்டுக்கிட்டுக் கஷ்டப்படுறே?"

"வலிக்கும்க்கா. ஆனா பிடிச்சிருக்கு."

அவ்வளவுதான். சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்தேன் என்றோ, செத்துப்போன தங்கை வாங்கிக் கொடுத்தது என்றோ ஏதாவது சொல்லியிருந்தால் ஐயோ பாவம் என்று விட்டிருப்பேன். பிடித்திருக்கிறது என்பதற்காக ஒருத்தி ஒன்றைச் செய்வாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எதையும் அப்படிச் செய்து பழகியவள் இல்லை.

வேலையிலாவது குறை இருந்ததா என்றால், அதுவும் கிடையாது. வில்லைக்குப் பூச்சுப் பூசும் அறையில் அவளுக்கு வேலை. விளக்குக்கு நேரே ஒரு தடவை திருப்பிப் பார்த்தாலே மயிரிழைக் கீறலைச் சொல்லிவிடுவாள். அவள் பார்த்து அனுப்பிய வில்லை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் அனுப்பியதில் மாதம் நாலைந்து வந்துவிடும். பதினோரு வருடம் இந்த மேசையைத் தேய்த்தவள் நான். அவள் வந்து நாலே வருடம். இதெல்லாம் போதாதென்று, ஒரு நாள் என்னைக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரர் கேட் பக்கம் அவளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அது, கம்பீரமா நடக்கிறாங்களே" என்றார். மனிதர் தப்பாகச் சொல்லவில்லை, தப்பாகப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி வரைக்கும் அவரோடு நான் பேசவில்லை.

எங்கள் கம்பெனியில் தூசிதான் முதல் எதிரி. ஒரு துணுக்கு ஒட்டினாலும் வில்லை வீண். அதனால் எந்த அறைக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்றவேண்டும். சாம்பிள் தட்டுகள் இருப்பதால் மேனேஜர் அறைக்கும் அதே சட்டம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று நாங்கள் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே, "சூப்பர்வைசர் ஸ்டோர்ல இருக்கார்" என்று அடித்துச் சொல்வோம். ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த வருடம் எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி ஒன்று எனக்கு, இல்லையென்றால் அவளுக்கு என்று ஆகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குக் கீழே நின்று, அவளைக் கேட்டு லீவு எடுக்கவேண்டிய நிலைமையை நினைத்தாலே வயிறு எரிந்தது.

அப்படி எரிந்த ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், பூச்சு அறையைக் கடந்து போனேன். உள்ளே அவள் தனியாக இருந்தாள். மெஷினைப் போட்டுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு வெளியே வர முடியாது. வாசலில் சிவப்பு ஹீல்ஸ் கிடந்தது. என் செருப்பு அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அறுந்திருக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டேன். கூடத்து ஜன்னல்கள் எல்லாம் ஒரு சாண் கீழே இறங்கின. இந்த உயரத்தோடு போய்ப் பொறுப்பாளர் வேலையைக் கேட்டால் எந்த மேனேஜர் இல்லை என்பார்? சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் அறை வரைக்கும் போய்விட்டேன். வாசலில் வழக்கம்போலக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்த பிறகுதான் உறைத்தது. எந்த உயரத்தைக் காட்ட வந்தேனோ அதை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன், பழைய குள்ளச்சியாகவே.

அவர் யாருடனோ போனில் இருந்தார். அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு நான் கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்றார். வெளியே வந்தபோது எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஹீல்ஸை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

சாயங்காலம் டீ நேரத்தில் பேக்கிங் அக்கா என் காதைக் கடித்தாள். "டக்டக் இன்னைக்கு மேனேஜர் ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. அரை மணி நேரம். என் கண்ணால பார்த்தேன்."

"ஆளைப் பார்த்தியா?"

"ஆளை எதுக்குப் பார்க்கணும்? செருப்பு கெடந்துச்சே."

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். டீயை ஊதிக் குடித்தேன். உண்மையைச் சொன்னால், இனித்தது. மூன்று நாளில் அரை மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று, ஒரு நாள் என்பது தினமும் என்றாயிற்று. கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அந்தப் பேச்சு முதலாளி வீடு வரைக்கும் போய்விட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பொறுப்பாளர் வேலைக்கான ஆர்டரைக் கொடுத்தார். முகம் செத்திருந்தது. "அந்தப் பொண்ணைத்தான்மா போடலாம்னு இருந்தேன். அது ஒரு நாள்கூட இந்த ரூமுக்கு வந்ததில்ல. யார்கிட்ட போய் விளக்கம் சொல்ல? எனக்கும் குடும்பம் இருக்கு." கூடவே ஒரு சுற்றறிக்கையையும் நீட்டினார். இனிமேல் எல்லோரும் தட்டைச் செருப்புத்தான் போடவேண்டும். ஆளாளுக்குக் கையெழுத்து வாங்குவதுதான் பொறுப்பாளராக என் முதல் வேலை.

அவளிடம் கடைசியாகப் போனேன். பூச்சு அறை வாசலில் நின்றபடியே படித்தாள்.

"இது எனக்காகப் போட்டதுதானேக்கா?"

"எல்லாருக்கும்தான்" என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது மெதுவாகச் சொன்னாள். "அவங்க சொல்ற அன்னைக்கு நான் உள்ள மெஷின்கிட்டதான் இருந்தேன். வெளிய வந்து மாட்டுறேன், கொக்கி எட்டல. வாரை யாரோ இழுத்துச் சின்னதாக்கியிருந்தாங்க. என் காலைவிடச் சின்னக் கால்."

என் காலைப் பார்க்கவில்லை அவள். நான்தான் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாட்டிவிட்டிருப்பேன்க்கா. முதல் தடவை போடுறப்போ கணுக்கால் பிசகிரும். பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

திட்டியிருந்தால் நானும் திட்டிச் சமாளித்திருப்பேன். நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். நாற்காலி என்னிடம் வந்த பிறகும், அப்படிப் பேச முடிந்ததே அவளுக்கு என்று அந்த நிமிஷமும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. சுற்றறிக்கையின் அடியில் பொறுப்பாளர் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் என் கையெழுத்தைப் போட்டேன்.